போக் றோஸ்மேரி சுகமில்லாமல் போனால்: அறிகுறி பார்த்துக் காரணம் பிடிப்பது

போக் றோஸ்மேரி சதுப்பில் வளரும் சின்னப் பூச்செடி. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் என் வீட்டு முன்படியில் சாடியில் வைத்த முதல் இரண்டு செடிகளும் செத்துப்போயின. தண்ணீர் தவறாமல் ஊற்றினேன். தக்காளிக்குப் போட்ட பசளையில் இதற்கும் ஒரு பிடி போட்டேன். இலை மஞ்சளித்தபோது பசியாக்கும் என்று நினைத்து இன்னொரு பிடி போட்டேன். அந்த இரண்டாவது பிடிதான் அதை முடித்தது என்று விளங்க இரண்டு கோடை எடுத்தது. மூன்றாவது செடி ஏழு ஆண்டாக நிற்கிறது. மே மாதம் வந்தால் மிளகை விடச் சற்றே பெரிய, வெளிர் இளஞ்சிவப்பு மணிகளாகப் பூத்துக் குலுங்குகிறது. இதே செடியோடு போராடுகிறவர்களுக்காக நான் கற்றதை அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்கள் செடியில் தெரிகிற அறிகுறியைத் தேடி நேரே அந்தப் பகுதிக்குப் போகலாம். ஆனால் அடுத்த இரண்டு பகுதிகளையும் எல்லோரும் வாசித்துவிட்டுப் போவது நல்லது.

உங்களிடம் இருப்பது இந்தச் செடிதானா?

அந்திரோமீடா பொலிபோலியா என்பது தாவரவியல் பெயர். பின்லாந்தில் இதைச் சுவோகுக்கா என்பார்கள், சதுப்புப் பூ என்று பொருள். சுவீடனில் றொஸ்லிங், நோர்வேயில் வீத்லிங். கனடா முதல் ஸ்கந்திநேவியா, ரஷ்யா வரை வட துருவத்தைச் சுற்றியுள்ள பீட் சதுப்புகளில், ஸ்பாக்னம் பாசி மெத்தையின் நடுவே முளைத்து நிற்கும். பீட் என்பது முழுதாக உக்காமல் படிந்து கிடக்கும் பழைய பாசி. பெரும்பாலும் 10 முதல் 40 சென்ரிமீற்றர் உயரம், அதற்கு மேல் போவது குறைவு. புளூபெரி, கிரான்பெரி, றோடோடென்றன் எல்லாம் இதன் குடும்பம். நீலகிரியில் சிவப்பாகப் பூக்கும் காட்டுப்பூவரசும் அதே குடும்பம்தான்.

இலை ஒடுங்கலாக, விளிம்பு கீழ்ப்பக்கம் சுருண்டு, மேலே நீலம் கலந்த பச்சையாக, அடியில் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளையாக இருக்கவேண்டும். தண்டில் இலைகள் ஒன்று மாறி ஒன்றாக வரும். இலையின் அடியில் துருநிறக் கம்பளிமயிர் இருந்தால் அது லாப்ரடோர் தேயிலைச் செடி. இலைகள் எதிரெதிரே சோடியாக வந்து, பூ மணியாக இல்லாமல் தட்டுப்போல விரிந்தால் அது சதுப்புக் கல்மியா. இலையில் சின்னச் சின்னச் செதில்கள் ஒட்டியிருந்து, பூக்கள் தண்டின் ஒரே பக்கமாக வரிசையாகத் தொங்கினால் அது லெதர்லீஃப். இந்த மூன்றுக்கும் கீழே சொல்கிற தண்ணீர் விடயமும் மண் விடயமும் அப்படியே பொருந்தும்.

பொருந்தாதது சமையல் றோஸ்மேரி. பெயரில் மட்டும்தான் உறவு. அது சுண்ணாம்பு மண்ணும் வெயிலும் வறட்சியும் கேட்கிற மத்தியதரைக் கடல் செடி. அதைவிட முக்கியமானது, போக் றோஸ்மேரி நஞ்சு. இலை, பூ, தேன் எல்லாவற்றிலும் கிறேயனொரொக்சின் உண்டு. பழைய நூல்களில் அதன் பெயரே அந்திரோமீடொரொக்சின். கறிக்கோ தேநீருக்கோ ஒரு இலை கூடக் கிள்ளவேண்டாம். பெயர்ச்சீட்டில் றோஸ்மேரி என்ற சொல் இருப்பதால் வீட்டில் எல்லோருக்கும் இதை ஒருமுறை சொல்லி வையுங்கள்.

கை வைப்பதற்கு முன்

எந்த அறிகுறியாக இருந்தாலும் நான் முதலில் செய்வது சாடியைத் தூக்கிப் பார்ப்பது. நன்றாக நனைந்த சாடியின் பாரம் கைக்கு ஒருமுறை பழகிவிட்டால் பிறகு தூக்கியதும் ஈரம் தெரிந்துவிடும். மேல்மண்ணைத் தொட்டுப் பார்ப்பது இந்தச் செடியில் ஏமாற்றும், ஏன் என்று கீழே வருகிறது. அடுத்தது, சாடியை ஒருக்களித்துச் செடியை மெதுவாக வெளியே எடுத்து வேரைப் பார்ப்பது. பலர் இதற்குப் பயப்படுகிறார்கள். வேர் ஆழம் போகாத செடி இது. கவனமாக எடுத்தால் ஒன்றும் ஆகாது. நல்ல வேர் தலைமயிரைவிட மெல்லியதாக, வெளிர் மண்ணிறமாக, நுனி வெள்ளையாக, மண்ணை வலை போலப் பின்னிப் பிடித்திருக்கும்.

மூன்றாவது, மண்ணின் பிஎச் பார்ப்பது. மண் அமிலமா காரமா என்று காட்டும் எண் அது, 7க்குக் கீழே அமிலம், மேலே காரம். இரண்டு கம்பியை மண்ணில் குத்துகிற மலிவான கருவியை நான் நம்புவதில்லை. நிறம் மாறிக் காட்டும் கரைசலோ தாளோ போதும். மண்ணை மழைத்தண்ணீரில் கலக்கி, தெளியவிட்டுப் பார்க்கவேண்டும். 4க்கும் 5க்கும் இடையில் இருந்தால் செடிக்குச் சந்தோசம். 6ஐத் தாண்டினால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு முதலில் அதைத்தான் சரிசெய்யவேண்டும்.

புது இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை

அதிகம் பேருக்கு வரும் பிரச்சினை இது. தண்டின் நுனியிலுள்ள இளம் இலைகளைப் பாருங்கள். அவை வெளிறி, நடு நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரிந்தால், செடிக்கு இரும்பு கிடைக்கவில்லை என்று பொருள். மண்ணில் இரும்பு இல்லை என்பதல்ல. இரும்பு இருக்கிறது, ஆனால் மண் காரமாகிவிட்டால் அது வேர் குடிக்கமுடியாத உருவத்துக்குப் போய்விடுகிறது. மண் காரமானது எப்படி? பத்தில் ஒன்பது வீட்டில் குழாய்த் தண்ணீரால்.

இந்தச் செடி வளர்கிற உயர் சதுப்புக்கு ஆறும் இல்லை, ஊற்றும் இல்லை. மேலிருந்து விழும் மழையும் பனியும் மட்டும்தான் அதன் தண்ணீர். அங்கேயுள்ள ஸ்பாக்னம் பாசி அந்தத் தண்ணீரில் வருகிற கொஞ்சநஞ்சக் கல்சியத்தையும் மகனீசியத்தையும் பிடித்து வைத்துக்கொண்டு, பதிலுக்கு, தண்ணீரை அமிலமாக்கும் ஐதரசன் அயன்களை விடுகிறது. அதனால் சதுப்புத் தண்ணீரின் பிஎச் 4 அளவில் நிற்கிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் சுண்ணாம்பே காணாமல் வாழ்ந்த பரம்பரை இது. அதன் வேரில் நாம் ஒவ்வொரு மாலையும் ஒரு வாளி சுண்ணாம்புத் தண்ணீர் ஊற்றுகிறோம்.

யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சுண்ணாம்புக் கல்லுக்கு மேல் இருக்கிற ஊர், கிணற்றுத் தண்ணீர் கொதிக்கவைத்த கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியும். ரொறன்ரோத் தண்ணீர் ஒன்ராறியோ ஏரியிலிருந்து வருகிறது. அதன் கடினத்தன்மை, அதாவது கரைந்திருக்கும் சுண்ணாம்பின் அளவு, லீற்றருக்கு ஏறத்தாழ 120 மில்லிகிராம். லண்டன் தண்ணீரில் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். ஒஸ்லோவிலும் கிளாஸ்கோவிலும் இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள், அங்கே ஏரித் தண்ணீர் மென்மையானது. குழாயிலிருந்து நேரே ஊற்றினாலும் செடி பெரும்பாலும் தாங்கும். ஒட்டாவாவில் ஒரு வேடிக்கை உண்டு. ஆற்றுத் தண்ணீர் மென்மைதான், ஆனால் குழாய்கள் அரிக்காமலிருக்க பிஎச்சை 9க்கு மேல் உயர்த்தி அனுப்புகிறார்கள். அந்த எண்ணைப் பார்த்து ஒட்டாவாக்காரர் பதறுகிறார்கள். பதறவேண்டாம். மண்ணைக் காரமாக்குவது தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பின் மொத்த அளவு. பிஎச் 9 காட்டும் மென்தண்ணீரைவிட, 7.5 காட்டும் வன்தண்ணீர்தான் நாளடைவில் மண்ணைக் கெடுக்கும்.

செய்யவேண்டியது: குழாய்த் தண்ணீரை இன்றோடு நிறுத்துங்கள். கூரைத் தாரையின் கீழ் ஒரு பீப்பா வையுங்கள். ஒன்றிரண்டு செடிக்கு அது கோடை முழுக்கப் போதும். மழை குறைந்த மாதத்துக்கு, காய்ச்சி வடித்த தண்ணீரைக் கடையில் வாங்கலாம். குளிர்காலத்தில் கொல்லைப்பக்கப் பனியை வாளிகளில் அள்ளி உருகவிட்டுச் சேர்த்தாலும் சரி. தெருவோரப் பனி வேண்டாம், அதில் உப்பு இருக்கும்.

தண்ணீரை மாற்றினால் மண் தானாகத் திரும்பிவிடாது. பிஎச் 6க்கு மேல் போயிருந்தால் சாடி மண்ணை மாற்றுங்கள். ஏப்ரல் நல்ல காலம். தோட்டத்து நிலத்தில் நட்டவர்களுக்குக் கந்தகத்தூள் சொல்வார்கள். மண் பக்ரீரியாக்கள் அதை அமிலமாக்கும், ஆனால் அதற்குச் சூடான மண்ணும் பல மாதமும் வேண்டும். ரொறன்ரோப் பக்கத்துச் சுண்ணாம்பு மண்ணில் அது கடலில் கரைத்த பெருங்காயம். அதைவிட நிலத்தில் அரை மீற்றர் குழி தோண்டி, பக்கவாட்டில் துளையிட்ட பிளாஸ்ரிக் விரிப்புப் போட்டு, அமில மண் நிரப்பி, அதில் நடுவது நிலைக்கும்.

உடனடி உதவிக்குக் கீலேற்று இரும்பு, அதாவது வேர் குடிக்கக்கூடிய உருவத்தில் கட்டிவைத்த இரும்பு, கொடுக்கலாம். பெட்டியில் ஈடிடிஎச்ஏ (EDDHA) என்று போட்டிருப்பதைத் தேர்ந்தெடுங்கள். தண்ணீரில் கரைத்தால் செந்நிறமாகும். காரமேறிய மண்ணிலும் அது வேலை செய்யும். மலிவான ஈடிடிஏ (EDTA) வகை அங்கே பிடிக்காது. ஒருமுறை ஊற்றி மூன்று வாரம் பொறுத்து, புதிதாக வருகிற இலையைப் பாருங்கள். வெளிறிய பழைய இலை முழுதாகத் திரும்பாது, அதை வைத்து முடிவெடுக்கவேண்டாம். வினாகிரி கலந்து ஊற்றச் சொல்வோர் பலர். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதைச் சில நாளில் தின்றுவிடும், காரம் அப்படியே திரும்பிவரும். வேருக்கு மட்டும் சூடு விழும்.

கீழ் இலைகள் மட்டும் மஞ்சளித்து விழுகின்றனவா? நுனி பச்சையாக இருந்தால் விட்டுவிடுங்கள். பசுமை மாறாச் செடி என்றாலும் ஒரே இலை என்றைக்கும் நிற்பதில்லை. ஓரிரு ஆண்டில் பழையது விழும்.

இலை நுனி பொசுங்கியது போல் மண்ணிறம்

உப்பு. உப்பு வருகிற வழி மூன்று.

முதலாவது பசளை. என் முதல் செடிகள் போனது இதனால்தான். இந்தக் குடும்பத்துச் செடிகளின் வேரில் ஒருவகைப் பூஞ்சணம் கூடி வாழ்கிறது. பீட்டுக்குள் பூட்டிக்கிடக்கும் நைதரசனை அது உடைத்துச் செடிக்குக் கொடுக்கும். பட்டினியில் வாழப் பழகிய ஏற்பாடு. அங்கே தக்காளிப் பசளையைக் கொட்டினால் மெல்லிய வேர்கள் கருகும். அசேலியா, புளூபெரி வகைகளுக்கென்று விற்கும் பசளையை, பெட்டியில் சொன்ன அளவில் காற்பங்காகக் குறைத்து, வசந்தத்தில் ஒரு தடவை கொடுத்தால் போதும். நைதரசன் அமோனியமாக இருப்பது நல்லது, நைத்திரேற்றை இந்த வேர் விரும்புவதில்லை. ஓகஸ்டுக்குப் பிறகு எதுவும் போடவேண்டாம். கூடப் போட்டுவிட்டால் சாடியை மேலே பிடித்து, சாடியின் கொள்ளளவைப் போல மூன்று மடங்கு மழைத்தண்ணீரை மெதுவாக ஊற்றி வடியவிடுங்கள்.

இரண்டாவது தெரு உப்பு. வாகனப் பாதையோரம் வைத்த செடியில், தெருவைப் பார்த்த பக்கம் மட்டும் கருகியிருக்கும். பனி கரைந்ததும் கழுவிவிட்டு இடத்தை மாற்றுங்கள்.

மூன்றாவதை யாரும் நினைப்பதில்லை. வீட்டில் தண்ணீர் மென்மையாக்கும் இயந்திரம் பூட்டியிருந்தால், அது கல்சியத்தை எடுத்துவிட்டுச் சோடியத்தை விடுகிறது. கேத்தலுக்கு நல்லது, செடிக்கு வன்தண்ணீரைவிட மோசம். “எங்கள் வீட்டில் மென்தண்ணீர்தானே, அதையே ஊற்றுகிறேன்” என்று ஒரு அக்கா சொன்னபோதுதான் இதை எல்லோரிடமும் கேட்கவேண்டும் என்று எனக்குப் பட்டது.

மண் ஈரம், ஆனாலும் செடி தொங்குகிறது

இதில் அவசரம் காட்டவேண்டும். செடி வாடுகிறது, சாடியோ பாரமாக இருக்கிறது, தட்டில் தண்ணீர் நிற்கிறது. சதுப்புச் செடி தண்ணீரில்தானே நிற்கும் என்ற நம்பிக்கை தந்த விளைவு.

சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1732இல் ஸ்கந்திநேவியாவின் வடகோடியான லாப்லாந்துக்குப் போனபோது இந்தப் பூவைக் கண்டு மயங்கினார். கிரேக்கக் கதையில் கடல்நடுவே பாறையில் சங்கிலியிட்டுக் கட்டப்பட்ட அந்திரோமீடா இளவரசியின் நினைவு வந்து, அந்தப் பெயரையே செடிக்கு வைத்தார். செடி வளர்க்கிறவர்கள் அந்த உவமையை ஊன்றிப் பார்க்கவேண்டும். இளவரசி நின்றது பாறைக்கு மேல். அலை அவள் காலைத்தான் நனைத்தது. செடியும் சதுப்பு நடுவே சின்னப் பாசித் திட்டில்தான் நிற்கிறது என்று அவர் கவனித்து எழுதியிருக்கிறார்.

அந்தத் திட்டின் மேற்பகுதி உயிருள்ள பாசி, பஞ்சு போலக் காற்றோட்டமானது. அங்கே அடியில் தேங்கும் தண்ணீர் கோடையிலும் குளிர்ந்தே இருக்கும். நம் கறுப்புப் பிளாஸ்ரிக் சாடியில், யூலை வெயிலில், தட்டில் தேங்கிய தண்ணீர் சூடேறுகிறது. சூடான தண்ணீரில் ஒட்சிசன் குறைகிறது. பைற்றொப்தொரா போன்ற வேரழுகல் கிருமிகளுக்கு அது திருவிழா.

வெளியே எடுத்துப் பாருங்கள். வேர் கறுத்து, இழுத்தால் தோல் கழன்று உள்ளே நூல் மட்டும் மிஞ்சினால், புளித்த வாடை வந்தால், அழுகல் உறுதி. கறுத்ததை எல்லாம் வெட்டி எறியுங்கள். நல்ல வேர் அரைவாசியாவது மிஞ்சினால் பிழைக்க வாய்ப்புண்டு. புதுக் கலவையில், வேர் அளவுக்குப் பொருந்துகிற சிறிய சாடியில் நட்டு, மேல் தண்டுகளை மூன்றிலொன்று கத்தரித்து, காலை வெயில் மட்டும் விழும் நிழலில் வையுங்கள். பழைய மண்ணை மறுபடி பயன்படுத்தவேண்டாம். மூன்றிலொன்றுகூட நல்ல வேர் இல்லையென்றால் அந்த உழைப்பைத் தண்டுத் துண்டுகளில் போடுங்கள், கடைசியில் சொல்கிறேன்.

கலவை பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். நான் போடுவது பொடியான பைன் மரப்பட்டை இரண்டு பங்கு, பீட் ஒரு பங்கு, பேர்லைற் என்ற பொரிந்த வெண்கல் துணுக்கு ஒரு பங்கு. பீட்டைக் குறைக்கக் காரணம் இருக்கிறது. உலகின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 3 சதவீதமே பீட் நிலம், ஆனால் மண்ணில் உள்ள காபனில் மூன்றிலொரு பங்கு அளவு அதற்குள்தான் இருக்கிறது. ஒரு மில்லிமீற்றர் பீட் சேர ஏறத்தாழ ஒரு ஆண்டு எடுக்கும். சதுப்புச் செடியை வளர்க்கச் சதுப்பையே வெட்டி எடுப்பதில் எனக்கு மனமில்லை. பதிலுக்கு ஊரிலிருந்து செங்கல்லாக அழுத்தி வருகிற தேங்காய்த் தும்புச்சோறு போடலாமா என்று கேட்பார்கள். நம் பொருள் என்ற பாசம் எனக்கும் உண்டு. ஆனால் அதன் பிஎச் பெரும்பாலும் 6ஐ ஒட்டி இருக்கும், உப்பும் இருக்கலாம். மழைத்தண்ணீரில் இரண்டுமுறை அலசி, கால் பங்குக்கு மேல் போகாமல் சேர்த்தால் பிழையில்லை.

அதன்பின் தட்டு வைப்பதானால் ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் தண்ணீர் வேண்டாம். அதுவும் வெயில் படாத தட்டு. வெளிர்நிறச் சாடி, அல்லது ஒரு சாடிக்குள் இன்னொரு சாடி, வேரைக் குளிர்ச்சியாக வைக்கும்.

தண்ணீர் ஊற்றியும் இலை சுருண்டு காய்கிறது

மேல்மண் ஈரம், சாடியோ பஞ்சு போலப் பாரமில்லை. பீட் ஒருமுறை முற்றாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரைத் தள்ளும். ஊற்றுவதெல்லாம் சாடியின் ஓரத்து இடைவெளியால் ஓடிக் கீழே வடிந்துவிடும், வேர்ப்பந்தின் நடு உலர்ந்தபடியே கிடக்கும். கடையிலிருந்து வாங்கிவந்து நட்ட செடிகளில் இது அடிக்கடி நடக்கிறது. கடைச் சாடியின் பீட் பந்து அப்படியே உள்ளே இருக்க, சுற்றிப் போட்ட புதுமண் மட்டும் நனைகிறது.

சாடியோடு ஒரு வாளி மழைத்தண்ணீரில் அமிழ்த்துங்கள். முதலில் மிதக்கும், ஒரு கல்லை வையுங்கள். குமிழி வருவது நின்றபிறகும் அரைமணி நேரம் விட்டு எடுத்து வடியவிடுங்கள். அடுத்த வாரம் இன்னொருமுறை. மேலே பைன் ஊசியிலை மூடாக்குப் போட்டால் திரும்பக் காய்வது குறையும்.

பனிக்காலத்தில் இலை ஊதாவாக, மண்ணிறமாக மாறுகிறது

ஒக்ரோபரில் இலை செம்மை கலந்த ஊதாவாக மாறினால் செடி குளிருக்கு ஆயத்தமாகிறது. அது நோயல்ல. ஏப்ரல் முடிவில் பச்சை திரும்பும். தயவுசெய்து அந்த நேரத்தில் பசளை போடவேண்டாம்.

மார்ச்சில் இலை வைக்கோல் நிறமாக மாறி, தொட்டால் நொறுங்கினால் அது வேறு. நிலம் உறைந்திருக்க, வெயிலும் காற்றும் இலையிலிருந்து ஈரத்தை உறிஞ்சுகின்றன. வேரால் ஈடுகட்ட முடிவதில்லை. குளிரை இந்தச் செடி அஞ்சாது, வடதுருவ வட்டத்துக்கு அப்பாலும் வளர்கிறது. அங்கே அதைக் காப்பது பனிப் போர்வை. ரொறன்ரோவில் அந்தப் போர்வை சனவரியில் விழும், பெப்ரவரியில் கரையும், பிறகு வெறும் காற்று அடிக்கும். சாடியில் இருந்தால் வேரும் நாலா பக்கமும் உறையும். நவம்பரில் சாடியைக் கழுத்துவரை நிலத்தில் புதைத்து, நன்றாகத் தண்ணீர் ஊற்றுங்கள். நத்தார் முடிந்து தெருவோரம் எறியும் மரங்களின் கிளைகளை வெட்டி வந்து மேலே போர்த்தலாம், நான் ஆண்டுதோறும் செய்கிறேன். வீட்டுக்குள் கொண்டுவருவதுதான் பெரிய பிழை. சூடாக்கிய அறையில் உறக்கம் கலைந்து, வெளிச்சம் போதாமல் நொந்துபோகும்.

பூக்கவில்லை

அடுத்த ஆண்டுப் பூமொட்டு இந்த ஆண்டுக் கோடை முடிவிலேயே தண்டின் நுனியில் உருவாகிவிடும். இலையுதிர் காலத்தில் அல்லது மார்ச்சில் அழகுக்காக நுனி வெட்டினால் பூவையும் சேர்த்து வெட்டுகிறீர்கள். கத்தரிப்பதானால் பூத்து முடிந்த உடனே, யூன் நடுப்பகுதிக்குள். வெட்டவில்லை, ஆனாலும் பூ இல்லை என்றால் நிழல் கூடியிருக்கும். சதுப்பில் இதற்கு மேலே மரம் அதிகம் இல்லை, முழு வானம்.

மெலிந்து நீண்டு, அடி வெறுமையாக நிற்கிறது

நிழலும் நைதரசனும் இப்படிச் செய்யும். ஆனால் ஒரு பகுதி இதன் சுபாவம். ஒட்டாவாவுக்குக் கிழக்கே மேர் புளூச் சதுப்பில் மரப்பலகை நடைபாதை ஒன்று உண்டு. அங்கே போய்ப் பார்த்தால் இந்தச் செடி கடைச்சாடிப் பந்துபோல இருக்காது. லெதர்லீஃப் புதர்களுக்கு இடையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தனித்தண்டுகள் பாசிக்குள்ளிருந்து எட்டிப்பார்க்கும். பாசி ஆண்டுதோறும் உயர்ந்து தண்டை மூட, மூடிய இடத்தில் தண்டு புதுவேர் விடும். அதையே நாமும் செய்யலாம். வெறுமையான தண்டை வளைத்து, ஈரமான ஸ்பாக்னம் அல்லது கலவையால் மூடி, ஒரு கல்லை வைத்துப் பதியம் போடுங்கள். அடுத்த வசந்தத்தில் வேர் விட்டிருக்கும். வட்டமாக அடர்ந்து நிற்கவேண்டும் என்றால் ‘புளூ ஐஸ்’, ‘கொம்பாக்ரா’ போன்ற குட்டை வகைகளை வாங்குவதே வழி.

சில இலைகள் தடித்துச் சிவந்து பெரிதாகின்றன

எக்சோபசிடியம் என்ற பூஞ்சணம். காட்டுச் செடிகளிலும் காணலாம். பார்வைக்குப் பயமாக இருந்தாலும் செடியைக் கொல்வது குறைவு. இலையில் வெண்தூள் படியுமுன் அந்தத் தண்டை அடியோடு வெட்டிக் குப்பையில் போடுங்கள், கூட்டுரத்தில் போடவேண்டாம். தண்ணீரை இலைமேல் தெளிக்காமல் அடியில் ஊற்றுங்கள். பூஞ்சணக்கொல்லி வேண்டாம், வேரில் கூடி வாழும் நல்ல பூஞ்சணத்தையும் அது தாக்கக்கூடும்.

தொட்டதும் செடி கையோடு வருகிறது

வேர் தின்னப்பட்டிருக்கிறது. மண்ணுக்குள் வெள்ளையாக, மண்ணிறத் தலையோடு, அரைவட்டமாகச் சுருண்ட புழு இருந்தால் அது வைன் வீவில் வண்டின் புழு. வளர்ந்த வண்டு இரவில் வந்து இலை விளிம்பைக் கடித்து வைப்பதுதான் முன்னறிவிப்பு. எல்லா மண்ணையும் உதறிப் புழுக்களைப் பொறுக்கி எடுங்கள். மிச்சச் சாடிகளுக்கு, தண்ணீரில் கலந்து மண்ணில் ஊற்றும், வண்டுப் புழுவைக் கொல்லும் மிக நுண்ணிய நன்மைப் புழுக்கள் விற்கிறார்கள். ஸ்ரைனேர்நேமா கிராவுசை என்ற வகை மண் 5 பாகை செல்சியஸ் இருந்தாலே வேலை செய்யும். செப்ரெம்பரில் ஊற்றினால் வண்டுப் புழு சிறிதாக இருக்கும்போதே அடிபடும்.

குழந்தையோ வளர்ப்பு மிருகமோ இலையைத் தின்றுவிட்டால்

வீட்டு வைத்தியம் பார்க்கவேண்டாம், வாந்தி எடுக்கவைக்கவும் வேண்டாம். உடனே நஞ்சுத் தகவல் நிலையத்துக்கு அல்லது மிருக வைத்தியருக்கு அழைத்து, செடியின் தாவரவியல் பெயரைச் சொல்லுங்கள். வெறும் றோஸ்மேரி என்று சொல்லிவிடாதீர்கள். வாயூறல், வாந்தி, தலைச்சுற்று, இரத்த அழுத்தமும் இதயத் துடிப்பும் இறங்குதல் இதன் அறிகுறிகள். ஆள் தளர்ந்துபோனால் அல்லது மூச்சு சிரமப்பட்டால் அவசர வண்டியைக் கூப்பிடுங்கள்.

முழுச் செடியும் காய்ந்துவிட்டது

எறியுமுன் தண்டின் அடியில் நகத்தால் சுரண்டிப் பாருங்கள். தோலுக்குக் கீழ் பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. யூன் முடியும் வரை பொறுங்கள். என் மூன்றாவது செடி ஒரு வசந்தத்தில் மே கடைசிவரை குச்சியாக நின்று, பிறகு மண்ணுக்குள் படர்ந்த அடித்தண்டிலிருந்து நான்கு முளை விட்டது.

ஒரு தண்டாவது பச்சையாக இருந்தால் யூலையில், அரைமுதிர்ந்த நுனியிலிருந்து ஏழெட்டுச் சென்ரிமீற்றர் துண்டுகள் வெட்டி, கீழ் இலைகளை நீக்கி, ஈரமான ஸ்பாக்னத்தில் குத்தி, கண்ணாடிச் சாடியால் மூடி நிழலில் வையுங்கள். எட்டுப் பத்து வாரத்தில் மெதுவாக இழுத்துப் பார்த்தால் பிடிப்புத் தெரியும்.

எதுவும் மிஞ்சவில்லையென்றால், நாட்டுச் செடிகள் விற்கும் கடையில் புதிதாக வாங்கலாம். சதுப்பிலிருந்து மட்டும் தோண்டிவர வேண்டாம். அங்கே பாசிக்குக் கீழே பல மீற்றர் படரும் அதன் அடித்தண்டில் ஒரு துண்டுதான் உங்கள் கைக்கு வரும். அது சாடியில் பிழைப்பது அரிது, நீங்கள் மிதித்த பாசி பழைய நிலைக்கு வரப் பல ஆண்டு எடுக்கும். வாங்கும்போது சாடியைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள், கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே வாளி மழைத்தண்ணீரில் அமிழ்த்தி, பிறகு நடுங்கள்.